டிராக் ரேஸுக்கு ஃபோர்டு 9 இன்ச் ஆக்ஸில்: கிரவுன், பினியன் செட்டிங்

(திரையில்: வைஸில் பிடித்த பினியன் சப்போர்ட், அதாவது பினியனையும் பேரிங்குகளையும் தாங்கும் கூடு)

1957-இல் வந்து, 1986 வரை ஃபோர்டு வண்டிகளில் ஓடிய ஆக்ஸில் இது. அமெரிக்க டிராக் ஸ்ட்ரிப்பில் (நேர்கோட்டு ரேஸ் பாதையில்) இன்றும் இதற்குத்தான் மவுசு. எஞ்சின் சுழற்சியைக் கொண்டுவரும் சின்னப் பல்சக்கரம் பினியன், அது சுற்றிவிடும் பெரிய பல்சக்கரம் கிரவுன். பினியனின் பின்னால் இரண்டு பேரிங், பல்லைத் தாண்டி மூக்கில் மூன்றாவதாக ஒன்று. பள்ளமில்லாத வழவழ ஸ்லிக் டயர் தரையைக் கவ்வும் நொடியில் பினியனும் கிரவுனும் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். அந்த விலகலைக் குறைக்கத்தான் இத்தனை வேலையும்.

முதலில் கியர். சாலைக்கான கியர் பெரும்பாலும் 8620 ஸ்டீல். எளிதில் தேயாது, ஆனால் லாஞ்ச் அடியில், அதாவது ரேஸில் பாய்ந்து கிளம்பும் நொடியின் அதிர்ச்சியில், பல் தெறிக்கும். 9310 ஸ்டீலில் வரும் ப்ரோ கியர் அடியைத் தாங்கும், தினசரி ஓட்டத்தில் தேய்ந்துவிடும். ஆபீஸுக்கும் போகிற வண்டிக்கு ப்ரோ கியர் வீண் செலவு.

அடுத்து, பினியன் பேரிங்குகளுக்கு நடுவே இருக்கும், நசுங்கும் கிரஷ் ஸ்லீவைத் தூக்கிப் போடுங்கள். லாஞ்ச் அடியில் அது இன்னும் கொஞ்சம் நசுங்கினால் பேரிங் இறுக்கம் போய், பினியன் முன்னும் பின்னும் ஆடும். அந்த இடத்தில் நசுங்காத சாலிட் ஸ்பேசரும் ஷிம்மும் (மெல்லிய தகடு) போடுங்கள். ஷிம்மைக் குறைத்தால் இறுக்கம் கூடும். நட்டை முழு டார்க்கில் (முறுக்கு விசையில்) முடுக்கி, ஆயில் சீல் போடாமல், இன்ச்-பவுண்டு ரெஞ்சால் பினியனைச் சுற்றிப் பாருங்கள். புது பேரிங்குக்கு 20 இன்ச்-பவுண்டை ஒட்டி வரட்டும். கிளம்பும்போது காட்டும் அளவு கணக்கில்லை, சுற்றும்போது காட்டுவதுதான் கணக்கு.

(திரையில்: சப்போர்ட்டுக்கும் கேஸுக்கும் நடுவில் ஷிம்)

பினியன் ஆழத்தை, அதாவது பினியன் கிரவுனுக்கு எவ்வளவு நெருக்கம் என்பதை, முடிவு செய்வது இந்த ஷிம். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள்: 9 இன்ச்சில் ஷிம் கூடினால் பினியன் கிரவுனை விட்டு விலகும். வேறு பல ஆக்ஸில்களில் இதற்கு நேர் எதிர்.

பிறகு பேக்லாஷ், அதாவது இரண்டு கியரின் பற்களுக்கு நடுவே உள்ள சிறு இடைவெளி. கிரவுனின் இரு பக்கமும் உள்ள அட்ஜஸ்டர்களில் ஒன்றைத் தளர்த்தும் அளவுக்கு மற்றதை முடுக்குங்கள். சாலை கியருக்கு 0.008 முதல் 0.010 இன்ச், ப்ரோ கியருக்கு கிரவுனில் பொறித்திருக்கும் அளவுதான் சட்டம். டயல் கேஜை நாலு இடத்தில் வைத்து அளங்கள். இடத்துக்கு இடம் மாறினால் கிரவுன் நேராக உட்காரவில்லை. கழற்றி, ஸ்பூலின் (டிஃபரென்ஷியலுக்குப் பதிலாக, இரு பக்க சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் பாகம்) முகத்தில் பிசிறு இருக்கிறதா பாருங்கள்.

(திரையில்: மஞ்சள் பேஸ்ட் தடவிய பல்)

நான் அதிகம் நம்புவது கேஜை அல்ல, கியரைச் சுற்றும்போது பேஸ்டில் பதியும் இந்தத் தடத்தை. தடம் பல்லின் அடியில் விழுந்தால் பினியன் அதிக ஆழம், ஷிம் கூட்டுங்கள். நுனியில் விழுந்தால் குறையுங்கள். ஷிம்மைத் தொட்டால் பேக்லாஷும் மாறும், மறுபடி அளக்க வேண்டும். பல்லின் நீளத்தில் தடம் நடுவில், உள்முனைப் பக்கம் சற்றே சாய்ந்து இருக்கட்டும்: முழு லோடில் அது வெளிமுனைக்கு நகரும். மேசையிலேயே வெளிமுனையில் இருந்தால், லாஞ்சில் பல்லின் ஓரம் மட்டும் பாரம் சுமந்து உடையும்.

கிரவுன் போல்ட்டுகளுக்கு, கழன்றுவிடாமல் ஒட்டிப் பிடிக்கும் சிவப்பு லாக்டைட். ஆயில் ஜிஎல்-5 தர கியர் ஆயில். ஸ்பூல் போட்டிருந்தால் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் (உராய்வைக் குறைக்க ஆயிலில் கலப்பது) தேவையில்லை.