கண் சிவந்தா எல்லாமே மெட்ராஸ் ஐ இல்லை

[திரையில்: சம்பா அறுவடை. கதிர் அறுக்கும் மெஷின், பின்னால் எழும்பும் தூசி]

தை மாசம் டெல்டாவுல எந்தப் பக்கம் போனாலும் அறுவடைதான். மெஷின் ஓடுற வயலைத் தாண்டி பைக்ல போனாலே கண்ணுல சுணை விழும். உறுத்தும், சிவக்கும். நேரா மெடிக்கல் ஷாப்புக்குப் போய், "அண்ணே, கண்ணு செவந்திருக்கு, நல்ல டிராப்ஸா ஒண்ணு குடுங்க"ன்னு கேட்கிறோம். அவரும் ஒண்ணு எடுத்துக் கொடுத்துடறார். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்குது, ஏன்னா கண்ணு சிவக்கிறதுக்குக் காரணம் ஒண்ணு இல்லை.

முதல்ல எல்லாருக்கும் தெரிஞ்ச மெட்ராஸ் ஐ. பெரும்பாலும் அடினோ வைரஸ். ஒரு கண்ணுல ஆரம்பிச்சு ரெண்டு மூணு நாள்ல அடுத்த கண்ணுக்கும் போகும். தண்ணியா வடியும், காலையில இமை ஒட்டிக்கும், மணல் விழுந்த மாதிரி உறுத்தும். வீட்டுல இன்னும் ரெண்டு பேருக்கு வந்திருந்தா சந்தேகமே வேண்டாம். ஆன்டிபயாடிக் சொட்டு வைரஸைக் கொல்லாது. ஒண்ணு ரெண்டு வாரத்துல தானா அடங்கும். குளிர்ந்த துணி ஒத்தடம், தனித் துண்டு, தனித் தலையணை உறை, அடிக்கடி சோப்பு போட்டுக் கை கழுவறது, அவ்வளவுதான். வந்தவங்களைப் பார்த்தாலே ஒட்டிக்கும்ங்கிறது கதை. கையிலயும் துண்டுலயும்தான் பரவும்.

இமையோரத்துல வர்ற கண் கட்டி அதைவிடச் சின்ன விஷயம். வெதுவெதுப்பான துணியை நாளைக்கு மூணு நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் அஞ்சு பத்து நிமிஷம் வைங்க. பிதுக்காதீங்க.

[திரையில்: கண்ணீர்ப் பாதையின் வரைபடம்]

இப்ப அதிகமா யாரும் பேசாத ஒண்ணு, கண்ணீர்ப் பாதை. வயலுக்கு வடிகால் மாதிரி கண்ணுக்கும் ஒரு வடிகால் இருக்கு. இமையோட உள்மூலையில கண்ணுக்குத் தெரியுற அளவுக்கு ரெண்டு சின்னத் துவாரம். அங்கிருந்து மூக்கோரத்துல இருக்கிற கண்ணீர்ப் பை, பையிலிருந்து மூக்குக்குள்ள ஒரு குழாய். அழுதா மூக்கு ஒழுகுறது இதனாலதான்.

பிறந்த குழந்தைங்க சிலருக்கு இந்தக் குழாயோட கீழ்முனையில ஒரு மெல்லிய சவ்வு திறக்காம இருக்கும். கண்ணுல எப்பவும் தண்ணி நிக்கும், பீளை கட்டும், ஆனா கண்ணு பெருசா சிவக்காது. பாட்டிமார் உடனே தாய்ப்பால் விடச் சொல்வாங்க. விட வேண்டாம், அதால அடைப்பு திறக்காது. டாக்டர் ஒரு மசாஜ் சொல்லித் தருவார்: நகம் வெட்டின சுத்தமான விரலை உள்மூலையில வெச்சு, மூக்கை ஒட்டிக் கீழ்நோக்கி அழுத்தி இழுக்கணும். சும்மா மேலாகத் தடவினா பயன் இல்லை, பைக்குள்ள அழுத்தம் போகணும். பத்துல ஒன்பது குழந்தைக்கு ஒரு வயசுக்குள்ள சரியாயிடும். இல்லேன்னா மெல்லிய கம்பி விட்டுத் திறந்துடுவாங்க. ஒண்ணு மட்டும் கவனம்: பிறந்து ஒரு மாசத்துக்குள்ள கண்ணு வீங்கி சீழா கொட்டினா, அது வேற. அன்னைக்கே ஆஸ்பத்திரி.

பெரியவங்கள்ல நடுவயசுப் பெண்களுக்குத்தான் இந்த அடைப்பு அதிகம். வருஷக்கணக்கா ஒரு கண்ணுல தண்ணி வடியும், முந்தானையால துடைச்சுக்கிட்டே வேலை பார்ப்பாங்க. மூக்கோரத்துல அழுத்தினா துவாரம் வழியா சீழ் பிதுங்கி வந்தா, பைக்குள்ள கிருமி குடியிருக்குன்னு அர்த்தம். அந்த இடம் திடீர்னு சிவந்து வீங்கி, தொட முடியாம வலிச்சா, ஊசியால குத்தாதீங்க. மாத்திரையோ ஊசியோ போட்டு அடக்கிட்டு, அப்புறம் ஆபரேஷன்ல பையிலிருந்து மூக்குக்குப் புதுப் பாதை வைப்பாங்க. கண்புரை ஆபரேஷனுக்கு முன்னாடி துவாரத்துல உப்புத்தண்ணி செலுத்தி, "தொண்டைக்கு வருதாம்மா?"ன்னு கேட்கிறது இதுக்குத்தான். தொண்டையில உப்புக் கரிச்சா பாதை திறந்திருக்கு. கரிக்காம, தண்ணி சீழோட திரும்பினா முதல்ல அதைச் சரி பண்ணணும். இல்லேன்னா அந்தக் கிருமி ஆபரேஷன் பண்ணின கண்ணுக்குள்ள போயிடும்.

[திரையில்: கருவிழியில் வெள்ளைப் புள்ளி, அருகில் எடுத்த படம்]

இந்தப் பையில சீழோட இருக்கிறவங்க கருவிழியில நெல் முனை கீறினா என்ன ஆகும்? கீறின இடத்துல கிருமி தயாரா வந்து உட்காரும். கருவிழிப் புண்.

பையில எதுவும் இல்லாதவங்களுக்கும் புண் வரும், பூஞ்சையால. வைக்கோல்லயும் மண்ணுலயும் இருக்கிற ஃபியூசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் கீறல் வழியா உள்ளே போகும். மெட்ராஸ் ஐ மாதிரி ரெண்டு கண்ணுக்கும் பரவாது, அடிபட்ட கண்ணு மட்டும்தான். வலி, வெளிச்சம் பார்க்கக் கூசறது, பார்வை மங்கறது, கருவிழியில சாம்பலோ வெள்ளையோ ஒரு புள்ளி. இதுல எது இருந்தாலும் அன்னைக்கே கண் டாக்டர். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்குப் போகலாம்.

அங்க புண்ணைச் சுரண்டி மைக்ராஸ்கோப்ல பார்ப்பாங்க. பூஞ்சை நூல் மாதிரி தெரியும், பெரும்பாலும் அன்னைக்கே விடை கிடைச்சுடும். பூஞ்சைன்னா நாட்டமைசின் 5 சதவீத சொட்டு, ஆரம்பத்துல மணிக்கு ஒரு தடவை. அரவிந்த் கண் மருத்துவமனைகள்ல நடந்து 2013-ல் வெளியான ஆய்வுல, விலை கூடுதலான வோரிகோனசோல் சொட்டைவிட இந்தப் பழைய மருந்துதான் நல்லா வேலை செஞ்சது, குறிப்பா ஃபியூசேரியத்துக்கு. வாரக்கணக்கா விடணும். வலி குறைஞ்சதேன்னு நடுவுல நிறுத்தினா கண்ணுல பூ விழுற ஆபத்து அதிகம்.

சரி, அந்த மெடிக்கல் ஷாப் டிராப்ஸ்? "சீக்கிரம் கேக்கும்"னு கொடுக்கிறதுல பலதுல ஸ்டீராய்டு, அதாவது வீக்கத்தையும் கூடவே உடம்போட எதிர்ப்பையும் அடக்குற மருந்து, கலந்திருக்கும். டெக்ஸாமெதசோன், பிரட்னிசோலோன், பீட்டாமெதசோன்னு லேபிள்ல பொடி எழுத்துல இருக்கும். மறுநாளே சிவப்பு வடிஞ்சுடும், ஆளும் சந்தோஷமா களத்துக்குப் போயிடுவார். உள்ளே பூஞ்சை தடையில்லாம வளரும். ஹெர்பிஸ் வைரஸ் புண்ணுக்கும் இதே கதை. டாக்டர் எழுதித் தராம ஸ்டீராய்டு சொட்டு கண்ணுல படவே கூடாது, இதுல எனக்கு சமரசமே கிடையாது.

சுணை விழுந்தா தேய்க்காதீங்க. காய்ச்சி ஆறின தண்ணியால அலசுங்க, வாய்க்கால் தண்ணி வேண்டாம், அதுலயும் கருவிழியைத் தின்கிற அமீபா இருக்கலாம். முந்தானை நுனியால எடுக்கிறது, நாக்கால நக்கி எடுக்கிறது, நந்தியாவட்டைச் சாறு விடறது, எல்லாம் கீறலுக்குள்ள கிருமியைத் தள்ளுற வேலை. ஏற்கெனவே ஏதாவது சொட்டு விட்டிருந்தா, டாக்டர்கிட்ட போகும்போது அந்தப் பாட்டிலையும் கையோட எடுத்துட்டுப் போங்க. திட்டுவாரோன்னு மறைக்காதீங்க, அதுல என்ன இருந்ததுன்னு தெரிஞ்சாத்தான் அவரால சரியா கணிக்க முடியும்.