பழைய கணினியில லினக்ஸ்: இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம்

வணக்கம்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திடுச்சு. தனியா பதிவு பண்ணிக்கிறவங்களுக்கு மட்டும் இன்னும் ஒரு வருஷம் பாதுகாப்பு அப்டேட் தர்றோம்னு அறிவிச்சாங்க. சரி, விண்டோஸ் 11-க்குப் போயிடலாம்னு பார்த்தா, அதுக்கு டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்பு சிப் வேணும், இன்டெல் பிராசஸர்னா எட்டாம் தலைமுறையோ அதுக்கு மேலயோ இருக்கணும். 2016-ல வாங்கின ஐ5 கணினி இன்னைக்கும் நல்லாதான் ஓடும். ஆனா மைக்ரோசாஃப்ட் பட்டியல்ல அதுக்கு இடம் இல்லை.

அப்படி ஒரு கணினி உங்க வீட்டுல இருந்தா, அதைப் பழைய சாமான் கடைக்குப் போடுறதுக்கு முன்னாடி இந்த வீடியோவைப் பாருங்க. விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ்ங்கிற இலவச சிஸ்டத்தைப் போட்டு அதை ஓட்டலாம்.

லினக்ஸ் நல்லதா, விண்டோஸ் நல்லதாங்கிற சண்டைக்குள்ள நான் போகலை. ஒரு தாளை எடுத்து, தினமும் கணினியில என்னென்ன வேலை பண்றீங்கன்னு வரிசையா எழுதுங்க. முடிவை அந்தத் தாள்தான் சொல்லும்.

(திரையில்: கையால் எழுதிய பட்டியல். பேங்க், ரயில் டிக்கெட், கரன்ட் பில், தமிழ் டைப்பிங், பிரின்ட், டேலி)

இதுல முதல் மூணும் பிரவுசர் வேலை. ஃபயர்ஃபாக்ஸ், கூகுள் குரோம் ரெண்டுமே லினக்ஸுக்கு இருக்கு, அதனால அங்க உங்களுக்கு வித்தியாசமே தெரியாது. லெட்டர், பயோடேட்டா, சின்னச் சின்னக் கணக்குக்கெல்லாம் லிப்ரே ஆபிஸ் போதும். வேர்ட் ஃபைலும் எக்செல் ஃபைலும் அதுல திறக்கும். ஆனா மேக்ரோ எழுதி வச்ச எக்செல் ஷீட்டும், கட்டம் கட்டமா அமைச்ச வேர்ட் படிவமும் அப்படியே வரும்னு நம்பிடாதீங்க. சிலது கலைஞ்சு போகும்.

டேலி, போட்டோஷாப் ரெண்டும் லினக்ஸுக்கு வர்றதில்லை. வாலரன்ட் விளையாட்டும் ஓடாது. உங்க பிழைப்பே டேலியில இருக்குன்னா, அந்தக் கணினியை மாத்தாதீங்க, வீட்டுல இருக்கிற இன்னொண்ணை மாத்துங்க. டெண்டர் போடுறவங்க, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வச்சிருக்கிறவங்க, அது லினக்ஸ்ல வேலை செய்யுமான்னு டோக்கன் கொடுத்தவங்ககிட்டயே முதல்ல கேட்டுக்கங்க.

லினக்ஸ் பத்தி ரெண்டே வரி. 1991-ல ஃபின்லாந்துல, ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரா இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுத ஆரம்பிச்ச கெர்னல், அதாவது சிஸ்டத்தோட மையப் பகுதி, அது. அந்தக் கெர்னலைச் சுத்தி டெஸ்க்டாப், மென்பொருள் எல்லாம் சேர்த்து முழு சிஸ்டமா தர்றதைத்தான் டிஸ்ட்ரோன்னு சொல்றாங்க. டெபியன், உபுண்டு, ஃபெடோரான்னு நிறைய இருக்கு. இன்னைக்கு நான் எடுத்துக்கிறது லினக்ஸ் மின்ட். 2006-ல வந்தது, உபுண்டுவை அடிப்படையா வச்சது. கீழே டாஸ்க்பார், இடது மூலையில மெனு, விண்டோஸ் பழகின கைக்குப் பெரிய தடுமாற்றம் இருக்காது. 4 ஜிபி ரேம்தான் இருக்குன்னா அதோட எக்ஸ்எஃப்சிஇங்கிற இலகுவான பதிப்பை எடுங்க. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரைக்கும் அப்டேட் உண்டு, காசு எதுவும் கிடையாது.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். லினக்ஸை இன்ஸ்டால் பண்ணாமலே ஓட்டிப் பார்க்கலாம். நம்ம ஆளுங்க நிறைய பேர் இந்த ஒரு படியைத் தாண்டிட்டு நேரா இன்ஸ்டாலுக்குப் போயிடுறாங்க. அப்புறம் வைஃபை வரலை, பிரின்டர் வரலைன்னு ரெண்டு நாள்ல விண்டோஸுக்கே திரும்பிடுறாங்க. அது எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கு, ஏன்னா ஒரு சாயங்காலம் ஒதுக்கியிருந்தா அதெல்லாம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும்.

8 ஜிபி பென்டிரைவ் ஒண்ணு எடுங்க. அதுல இருக்கிறதெல்லாம் அழிஞ்சிடும், அதனால முதல்ல காப்பி எடுத்து வச்சிடுங்க. மின்ட் தளத்துல இருந்து ஐஎஸ்ஓ ஃபைலை, அதாவது முழு சிஸ்டமும் அடங்கின ஒரே ஃபைலை, இறக்கி, ரூஃபஸ்ங்கிற விண்டோஸ் மென்பொருள் மூலமா பென்டிரைவ்ல எழுதுங்க. ஃபைலை அப்படியே காப்பி பேஸ்ட் பண்ணினா பூட் ஆகாது, அதாவது பென்டிரைவ்ல இருந்து கணினி தொடங்காது. அப்புறம் கணினியை ஆன் பண்ணும்போதே பூட் மெனு கீயைத் தட்டணும். டெல், லெனோவான்னா பெரும்பாலும் எஃப்12, எச்பின்னா எஃப்9.

(திரையில்: பூட் மெனு, பென்டிரைவ் தேர்வு, மின்ட் டெஸ்க்டாப்)

இப்போ ஓடுறது பென்டிரைவ்ல இருந்து. உங்க டிஸ்க்கை அது தொடலை. பென்டிரைவ்ங்கிறதால கொஞ்சம் மெதுவாதான் இருக்கும், அதை வச்சு லினக்ஸோட வேகத்தை எடை போடாதீங்க. அந்தத் தாளை எடுத்து ஒவ்வொண்ணா பாருங்க. வைஃபை பிடிக்குதா? சில பழைய பிராட்காம் வைஃபை கார்டு உடனே பிடிக்காது. போனை யுஎஸ்பியில மாட்டி இன்டர்நெட் கொடுத்துட்டு டிரைவர் மேனேஜரைத் திறந்தா, அதுக்கான டிரைவரை, அதாவது கார்டை இயக்குற மென்பொருளை, காட்டும். சத்தம் வருதா, கேமரா வேலை செய்யுதா, லேப்டாப்பை மூடித் திறந்தா முழிச்சுக்குதா, எல்லாத்தையும் பாருங்க.

பிரின்டர்ல கொஞ்சம் நிதானம் வேணும். எச்பி பிரின்டருக்கு லினக்ஸ் ஆதரவு நல்லாவே இருக்கு. நம்ம ஊர் ஜெராக்ஸ் கடைகள்ல பார்க்கிற கேனான் எல்பிபி 2900 மாதிரி மாடல்கள் காப்ட்ங்கிற தனி முறையில பேசுது, அதுக்குத் தனி டிரைவர் போட்டு ஓட வைக்கிறது சிரமமான வேலை. வீட்டுல அந்த பிரின்டர் இருந்தா, அது ஒத்து வருதான்னு பார்த்துட்டு மத்த முடிவெல்லாம் எடுங்க.

அடுத்தது தமிழ் டைப்பிங். தமிழ்ல அடிக்க உதவுற என்எச்எம் ரைட்டர், அழகி எல்லாம் விண்டோஸ் மென்பொருள், இங்க வராது. கீபோர்டு செட்டிங்ஸ்ல போய்த் தமிழ் 99-ங்கிற தமிழ் கீபோர்டு முறையைச் சேர்த்துட்டு, "புள்ளியே விழ மாட்டேங்குது, லினக்ஸ்ல தமிழ் சரியில்லை"ன்னு பலர் விட்டுடுறாங்க. காரணம் ரொம்பச் சின்னது. அங்க இருக்கிறது வெறும் விசை அடுக்கு. எந்த விசைக்கு எந்த எழுத்துன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும், முன்னாடி எந்த எழுத்தைத் தட்டினீங்கன்னு தெரியாது. தமிழ் 99-ஓட அழகே, ஒரே மெய் ரெண்டு தரம் வந்தா முதல்ல வந்ததுக்குத் தானா புள்ளி வைக்கிறதுதான். அந்த விதியைத் தெரிஞ்சு வச்சிருக்கிறது ஐபஸ்-எம்17என்ங்கிற பேக்கேஜ். சாஃப்ட்வேர் மேனேஜர்ல அதைத் தேடிப் போட்டு, இன்புட் மெத்தட் பக்கத்துல ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒரு தரம் லாக் அவுட் ஆகி வாங்க. அப்புறம் ஐபஸ் பட்டியல்ல இருந்து தமிழ் 99-ஐச் சேர்த்துக்கங்க.

(திரையில்: பேக்கேஜ் பெயர் பெரிய எழுத்தில். அடுத்து வெற்று ஆவணம், விசைகள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன)

ஆங்கில கீபோர்டுல ஏ, கே, கே, க்யூ. நாலே விசை. அம்மா. புள்ளி தானா விழுந்துடுச்சு பாருங்க. ரோமன்ல அடிச்சுப் பழகினவங்களுக்கும், டைப்ரைட்டிங் படிச்சவங்களுக்கும் அதே பட்டியல்ல தனித்தனி முறை இருக்கு.

டிடிபி கடையில வாங்கின, பாமினிங்கிற பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்ச ஃபைல் இருந்தா, அந்த ஃபான்ட்டையும் இன்ஸ்டால் பண்ணிக்கலாம், எழுத்து சரியாவே தெரியும். ஆனா உள்ளுக்குள்ள இருக்கிறது ஆங்கில எழுத்துங்கிறதால, தமிழ்ல தேடினா கிடைக்காது. இது லினக்ஸோட குறை இல்லை, விண்டோஸ்லயும் இதே கதைதான். தமிழ் எழுத்தைத் தமிழாவே சேமிக்கிற யூனிகோடுக்கு மாத்தி வச்சுக்கிறதுதான் நல்லது.

2011-ல தமிழக அரசு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பிச்சப்போ, அதுல விண்டோஸோட சேர்த்து, சி-டாக்ங்கிற மத்திய அரசு நிறுவனம் உருவாக்கின பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆன் பண்ணினா எதைத் திறக்கணும்னு ரெண்டு சிஸ்டத்தோட பெயரும் தெரியும். எனக்குத் தெரிஞ்ச பலர் அந்த ரெண்டாவது பெயரைத் தொட்டதே இல்லை. பக்கத்துல கேரளாவுல பள்ளிக்கூட ஐடி பாடமே லினக்ஸ்லதான் நடக்குது. அங்க வாத்தியார்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க, பாடப் புத்தகத்தையும் அதுக்கேத்த மாதிரி எழுதினாங்க. கூட இருந்து சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தா யாரும் பழகிடுவாங்கங்கிறதுதான் என் கருத்து.

தாள்ல எல்லாத்துக்கும் டிக் விழுந்துடுச்சா? இப்போ இன்ஸ்டால் பண்ணலாம். விண்டோஸும் கூடவே இருக்கட்டும்னா, முதல்ல விண்டோஸுக்குள்ள போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை, அதாவது முழுசா அணையாம சீக்கிரம் ஆன் ஆகுற வசதியை, அணைச்சிடுங்க. இல்லைன்னா விண்டோஸ் டிரைவை லினக்ஸ்ல படிக்க மட்டும்தான் முடியும், எழுத முடியாது. டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் போட்டிருந்தா, அதைத் திறக்கிற ரெக்கவரி கீயைத் தாள்ல எழுதி வச்சுக்கங்க. "எரேஸ் டிஸ்க்"ங்கிற வரி வரும்போது நிதானமா படிங்க, அது விண்டோஸையும் சேர்த்துத் துடைச்சிடும். எந்த வழியில போனாலும் போட்டோ, சர்டிபிகேட் எல்லாத்தையும் வெளி டிஸ்க்ல காப்பி எடுத்துட்டுத்தான் தொடங்கணும்.

ரெண்டும் இருக்கிற சில கணினியில, விண்டோஸுக்குத் திரும்பினா கடிகாரம் அஞ்சரை மணி நேரம் பின்னாடி காட்டும். பயப்படாதீங்க. லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்துல உலகப் பொது நேரத்தை வைக்குது, விண்டோஸ் அதையே இந்திய நேரம்னு எடுத்துக்குது. லினக்ஸ்ல ஒரே ஒரு கட்டளை கொடுத்தா சரியாயிடும், வீடியோவுக்குக் கீழ போட்டிருக்கேன்.

வேகத்தைப் பத்தியும் உண்மையைச் சொல்லிடுறேன். கணினியில பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தா, லினக்ஸ் மட்டும் போட்டு மாயம் நடக்காது. அதுக்குப் பதிலா எஸ்எஸ்டிங்கிற வேகமான டிஸ்க் ஒண்ணு மாட்டுங்க, அதுல கிடைக்கிற வேகம் எந்த சிஸ்டம் மாத்தினாலும் கிடைக்காது. பிரவுசர்ல முப்பது டேப் திறந்தா 4 ஜிபி ரேம் லினக்ஸ்லயும் திணறத்தான் செய்யும்.

இன்ஸ்டால் முடிஞ்ச அன்னைக்கே டைம்ஷிஃப்ட்ங்கிற மென்பொருளைத் திறந்து ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது சிஸ்டத்தோட அப்போதைய நிலையோட காப்பி, எடுத்துடுங்க. மின்ட்லயே அது இருக்கு. ஏதாவது அப்டேட் சொதப்பினா சிஸ்டத்தைப் பழைய நிலைக்குக் கொண்டு வந்துடலாம். ஆனா அது காப்பாத்துறது சிஸ்டம் ஃபைல்களை மட்டும்தான். உங்க ஹோம் ஃபோல்டர் அதுல சேராது, அதனால அந்த வெளி டிஸ்க் காப்பியை அழிச்சிடாதீங்க.