மூர்த்தி சிறுசு, கீர்த்தி பெருசு: லிப்டன் கப் கதை

தலைவர் ஐயா அவர்களே, அதிபர் அவர்களே, தோட்டத்துல இருந்து வந்திருக்க தலைவர்மாரே, குடை பிடிச்சிக்கிட்டு நிக்கிற அம்மாமாரே, எல்லாருக்கும் வணக்கம். மழையில இவ்வளவு பேர் வருவீங்கன்னு நெனைக்கல.

ரெண்டு விசயம் பேசலாம்னு வந்தேன், லிப்டன் கப், கடைசியா நம்ம புள்ளைங்களுக்கு ஒரு கிரவுண்ட்.

லிப்டன்னா நமக்குத் தெரியாதா, 1890ல நம்ம இலங்கைக்கு வந்து தம்பதென்ன தேயிலைத் தோட்டத்த வாங்குன அதே தோமஸ் லிப்டன்தான் 1909ல இத்தாலி டியூரின்ல ஒரு உதைபந்தாட்ட போட்டிக்கு வெள்ளிக் கப் குடுத்தாரு. அதே ஊர்ல 1908லயே ஒரு போட்டி நடந்து சுவிஸ் டீம் சேர்வெட் ஜெயிச்சிருக்கு, ஆனா ஜனங்க மனசுல நின்னது லிப்டன் கப்தான். இத்தாலி, ஜெர்மனி, சுவிஸ்ல இருந்து டீம், இங்கிலாந்துல இருந்து யாரு வந்தாங்க? டர்ஹாம் பக்கம் வெஸ்ட் ஆக்லண்ட்னு ஒரு சின்ன ஊரு, நிலக்கரி சுரங்கத்துல வேலை செய்ற பொடியனுங்க. மூர்த்தி சிறுசானாலும் கீர்த்தி பெருசு! ஃபைனல்ல சுவிஸ்ல இருந்து வந்த வின்டர்தூர் டீம 2-0ன்னு அடிச்சாங்க. 1911ல திரும்பவும் போயி ஜுவென்டஸ, ஆமா இத்தாலியோட பேர்போன அந்த ஜுவென்டஸ் டீமையே 6-1ன்னு அடிச்சாங்க.

இப்ப கேளுங்க. ரெண்டு தடவ ஜெயிச்ச கப்ப எடுத்துக்கிட்டு ஊருக்கு வந்தா கிளப்புக்கு ஒரே கடன், பயணச் செலவு அப்புடி. என்ன செய்றது, நம்ம வீட்டுல புள்ளைக்கு ஸ்கூல் தொறக்கிற மாசம் காதுத் தோட்ட அடகு வைக்கிற மாதிரி, ஊர் ஹோட்டல் நடத்துன அம்மாகிட்ட 40 பவுண்டுக்கு கப்ப ஈடு வச்சாங்க! வருசம் போச்சு, ரெண்டு உலக யுத்தம் போச்சு, கப்பு திரும்பி வரல. 1960லதான் 100 பவுண்ட் குடுத்து மீட்டாங்க. அம்மாமாரே, அம்பது வருசம் கழிச்சும் அடகு மீட்டாங்க பாருங்க, அது ஊரோட மானம். அப்புறம் 1994ல யாரோ திருடிட்டான், இன்னைக்கு அங்க இருக்கிறது அத மாதிரி செஞ்ச இன்னொரு கப்பு.

அந்த வெள்ளியில நம்ம பாட்டி பறிச்ச கொழுந்தோட காசும் இருக்கு, நான் நெஞ்சு நிமித்தி சொல்வேன். ஆனா லயத்துப் புள்ளைங்க இன்னும் ரோட்டுல பந்து அடிக்குது, பந்து பள்ளத்துல உருண்டா அரை மணி நேரம் தேடுது. சுரங்கத்து பொடியனுக்கு ஒரு சமதரை இருந்துச்சு, நம்ம பொடியனுக்கு வேணாமா? மூர்த்தி சிறுசுதான் ஐயா, நெலம் ஒரு ஏக்கர் குடுங்க.

மனு மேசைல இருக்கு, பேனாவும் இருக்கு. அதிபர் ஐயா முதல் கையெழுத்து போடட்டும், பின்னால வரிசையா வாங்க.