அம்மப்பாவின் அலுமாரியில் இருந்த பட்டம்: சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி மட்டக்களப்புக் கல்லடியில் இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கிறார். வாசிக்கிறேன்: "எங்கள் அம்மப்பா கல்லோயாத் திட்டத்தில் அணை கட்டின காலத்தில் மின்பொறியியலாளராக இருந்தவர். அவருடைய அலுமாரியில் கோட்டில் குத்துகிற ஒரு சின்ன வில்லை கிடைத்தது. காற்றில் விடுகிற பட்டம் மாதிரி வடிவம், ஏ.ஐ.இ.இ. என்று நாலு எழுத்து. அவர் அமெரிக்கா போனதே இல்லை. இது எப்படி வந்தது? நூதனசாலைக்குக் கொடுக்கலாமா?"

கொடுக்கலாம் தங்கச்சி. ஆனால் இந்தக் கிழமையே கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள்.

ஏ.ஐ.இ.இ. என்பது அமெரிக்க மின்பொறியியலாளர் சங்கம். 1884 இல் தொடங்கியது. எடிசனும் கிரஹாம் பெல்லும் அதன் முதல் உப தலைவர்களில் இருவர். 1963 பிறந்தபோது வானொலிப் பொறியியலாளர் சங்கத்தோடு சேர்ந்து ஐ.இ.இ.இ. என்ற புதிய சங்கமாகிவிட்டது. புதிய சங்கத்தின் சின்னத்தில் எழுத்தே கிடையாது. பட்டத்துக்குள் நேராக ஓர் அம்பு, அதைச் சுற்றி வளைந்த இன்னோர் அம்பு, அவ்வளவுதான். ஆகவே உங்களிடம் இருப்பது 1963க்கு முந்தின காலத்துச் சின்னம்.

பட்டம் ஏன் என்றால், மின்னலும் மின்சாரம்தான் என்று காட்ட 1752 இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இடிமுழக்கத்துக்குள் விட்ட பட்டம்தான் அது. 1893 இல் வந்த முதல் சின்னம் இன்னும் அழகு: பட்டத்தின் நாலு ஓரத்தையும் மின்தடையை அளக்கிற வீற்ஸ்டன் பாலம் என்ற சுற்றாக்கி, உள்ளே மின்னோட்டத்தைக் கணக்கிடுகிற ஓமின் விதியையும் எழுதியிருந்தார்கள். ஏ.எல். இல் பௌதிகம் படித்தவர்களுக்கு அந்த வரைபடம் உடனே ஞாபகம் வரும். ஒரு பாடத்தையே சட்டையில் குத்திக்கொண்டு திரிந்திருக்கிறார்கள்! சில வருடங்களில் அதை எளிதாக்கிவிட்டார்கள். இன்னொன்று, பட்டம் என்றதும் பல்கலைக்கழகப் பட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். இது சங்கத்தில் அங்கத்தவர் என்பதற்கான அடையாளம்.

இப்போது உங்கள் முக்கியமான சந்தேகம். அந்தக் காலத்தில் இலங்கைப் பொறியியலாளர்கள் பெரும்பாலும் லண்டனில் இருந்த மின்பொறியியலாளர் சங்கத்தைத்தான் (ஐ.இ.இ.) நாடினார்கள். அது 1871 இல் தந்திப் பொறியியலாளர்களுக்காகத் தொடங்கியது. பெயர்ப்பலகையில் ஏ.எம்.ஐ.இ.இ., அதாவது அதன் இணை அங்கத்தவர், என்று போட்டிருந்தால் அது லண்டன். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனால் கல்லோயா என்கிற பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து அணை கட்டியது மொரிசன் நூட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி. கல்லோயா அபிவிருத்திச் சபை வந்தது 1949 இல். அமெரிக்கப் பொறியியலாளர்கள் வருடக்கணக்கில் அங்கே குடியிருந்து வேலை செய்தார்கள். ஆகவே அம்மப்பா அவர்களைப் பார்த்துத் தானே அங்கத்தவராகச் சேர்ந்திருக்கலாம், அதற்கு அமெரிக்கா போகத் தேவையில்லை. இல்லாவிட்டால், ஊருக்குத் திரும்பின யாரோ ஒருவர் தன் கோட்டில் இருந்ததைக் கழற்றி ஞாபகமாகக் கொடுத்திருக்கலாம். எனக்கென்றால் இரண்டாவது கதைதான் பிடிக்கும். ஆனால் பிடித்த கதையைப் பதிவேட்டில் எழுத முடியாது.

அதனால்தான் பொறுங்கள் என்றேன். இதே மாதிரி வில்லைகள் வெளிநாட்டில் ஏராளம். நூதனசாலைக்கு வேண்டியது இங்கினியாகலையில் வேலை செய்த ஒருவரின் வில்லை. அதைச் சொல்லுகிற கடதாசி இல்லாவிட்டால் அது வெறும் வில்லை. அங்கத்துவச் சான்றிதழ், சந்தா கட்டின பற்றுச்சீட்டு, கடிதம், வேலைத்தளத்தில் எடுத்த படம், எது கிடைத்தாலும் வில்லையோடு சேர்த்து வையுங்கள். அங்கத்தவர் பெயர்களைச் சங்கம் புத்தகமாகவே அச்சிட்டு வந்தது. ஐ.இ.இ.இ. இன் வரலாற்று மையத்துக்குப் பெயரையும் காலத்தையும் எழுதிக் கேட்டுப் பாருங்கள். 78 சூறாவளியும் சுனாமியும் கொண்டுபோனது போக நம்முடைய பக்கத்தில் மிஞ்சின கடதாசி கொஞ்சம்தான். கல்லடியில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடதாசி ஒன்றுமே இல்லை என்றால் அம்மம்மாவை, அம்மாவைப் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். யார் சொன்னது, எந்தத் திகதி என்பதையும் எழுதுங்கள்.

அப்புறம், தயவுசெய்து மினுக்க வேண்டாம். நான் ஒரு பழைய பித்தளை வில்லையைக் குத்துவிளக்குக்குப் போடுகிற மாதிரிப் புளி போட்டுத் தேய்த்து, இருந்த எழுத்தையும் அழித்தவன். உங்களுடையதில் நிறப்பூச்சு இருக்கும், அங்கத்துவத் தரத்துக்கு ஏற்ப அதன் நிறம் மாறும். அது உதிர்ந்தால் தரம் கண்டுபிடிக்கிற வழியும் போய்விடும். வாவிக்கரை ஈரத்தில் சொப்பிங் பேக்கில் கட்டி வைக்கவும் கூடாது, ஊசிப்பக்கம் கறள் பிடிக்கும். சுத்தமான பருத்தித் துணியில் சுற்றினால் போதும்.

பவுணா என்று கேட்கத்தான் போகிறீர்கள். பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். 10கே, 14கே என்று இருந்தால் அந்தத் தரத் தங்கம், கூடவே ஜி.எஃப். என்று இருந்தால் மேலே தங்கத் தகடு போர்த்தினது. நகைக்கடையில் உரைத்துப் பார்க்கக் கொடுக்காதீர்கள்.

கொடுக்க முடிவு செய்தால், அன்பளிப்புப் பத்திரம் எழுதி, பதிவிலக்கம் வாங்கிக்கொண்டுதான் கையை விட வேண்டும். அதற்கு முன் அந்தப் பின்பக்கத்தை ஒரு அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், ஏதாவது இலக்கம் வெட்டியிருக்கிறதா என்று பார்ப்போம். அடுத்த கேள்வி ஏறாவூரில் இருந்து, ஒரு பழைய தையல் மெஷின் பற்றி.