கூரையில் செருகிய கத்தி

நேயர்களுக்கு வணக்கம். "அவனே ஒப்புக்கொண்டுவிட்டானாமே, அப்புறம் எதற்கு விசாரணை?" பேப்பரை மடித்து வைத்ததும் பலரும் கேட்கிற கேள்வி இது. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. 1872 சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அப்படித்தான் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதீய சாக்ஷிய அதினியத்தின் 23ஆம் பிரிவும் அதையேதான் சொல்கிறது. அடித்தார்களா இல்லையா என்ற ஆராய்ச்சிக்கே அங்கே வேலையில்லை.

ஆனால் ஒரு சந்து உண்டு, பழைய சட்டத்தின் 27ஆம் பிரிவு; புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஏதாவது கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாக ஒட்டிய சொற்கள் மட்டும் சாட்சியமாக உள்ளே வரலாம். மட்டும். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

"அவனைக் குத்திய கத்தியை என் வீட்டுக் கூரையில் செருகி வைத்திருக்கிறேன், எடுத்துத் தருகிறேன்." இப்படி ஒருவர் சொன்னதாக வையுங்கள். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போன புலுகுரி கோட்டய்யா வழக்கில், 1946இல், இந்த மாதிரி வாக்கியத்தைத்தான் கூறு போட்டார்கள். கூரையில் கத்தி இருப்பது உள்ளே, 'குத்திய' வெளியே. கத்தி கிடைத்ததால் தெரியவருவது, அது அங்கே இருப்பது அவருக்குத் தெரியும் என்பதுதான். குத்தியது அதே கத்திதான், குத்தியவர் அவர்தான் என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டும்.

விசாரணையில் அந்த ஒற்றைச் சொல் நழுவி வந்துவிடும். சில வழக்குகளில் முழு வாக்குமூலமே சான்றாவணமாகிவிடும். மேல்முறையீட்டில் முதலில் தேட வேண்டியது அதைத்தான். அடுத்து, கைதுக் குறிப்பு, வாக்குமூலம், பொருளைக் கைப்பற்றியபோது சாட்சிகள் முன் எழுதிய மகஜர் மூன்றையும் அருகருகே வைத்து மணியைப் பாருங்கள். மகஜரில் 8 மணி, வாக்குமூலத்தில் 9 மணி என்றால், சொல்வதற்கு முன்பே பொருள் வந்துவிட்டது. அப்புறம் எங்கே கண்டுபிடிப்பு? நாலு பேர் போய்வரும் புதரில் எடுத்ததாகச் சொன்னாலும் சந்தேகம்தான்.

மாஜிஸ்திரேட்டிடம் கொடுக்கும் வாக்குமூலம் வேறு ரகம். சொல்ல வேண்டிய கட்டாயமில்லை, சொன்னால் உங்களுக்கு எதிராகவே திரும்பலாம் என்று அவர் முதலில் எச்சரிக்க வேண்டும். சொல்ல மறுத்தவரைத் திரும்பப் போலீஸ் காவலுக்கு அனுப்பக்கூடாது.

நேரம் நெருங்கிவிட்டது, மிரட்டிக் குற்றம் செய்யவைத்தது பற்றி இரண்டே வரி. வாக்குமூலம் மிரட்டலால் வந்ததாகத் தோன்றினாலே நீதிமன்றம் அதைத் தள்ளலாம். குற்றமே மிரட்டலால் செய்தேன் என்றால் அது போதாது. அந்த நிமிடமே உயிர் போகும் என்ற நியாயமான பயம் இருந்திருக்க வேண்டும். கொள்ளையரிடம் சிக்கி, கதவை உடைக்காவிட்டால் இப்போதே கொல்வோம் என்று மிரட்டப்பட்ட கொல்லரைச் சட்டமே உதாரணம் காட்டி விடுவிக்கிறது. கொலை செய்தவருக்கு அந்த விடுதலை கிடையாது. வணக்கம்.