ஒரே திருத்தந்தை, வேறு வேறு விளைச்சல்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

கத்தோலிக்கத் திருஅவையில் குருத்துவ இறையழைத்தல், அதாவது குருவாக முன்வருவோரின் எண்ணிக்கை, பெருகுவது திருத்தந்தையின் (போப்பின்) தலைமைப் பாணியாலா, அந்தந்த மறைமாவட்டத்தை நடத்தும் ஆயரின் (பிஷப்பின்) அன்றாட உழைப்பாலா? ஆயரின் உழைப்பால்தான் என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், திருத்தந்தையே காரணம் என்று காட்ட, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலின் காலத்தை எடுத்துவைத்தார். அவர் பொறுப்பேற்ற 1978இல் உலகெங்கும் குருமடங்களில் குருவாகப் பயிற்சி பெற்ற மாணவர்கள் ஏறத்தாழ 64,000 பேர். அவர் மறைந்த 2005இல் 1,14,000. கணக்கு சரி. அதையே கண்டவாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பெரும் ஏற்றம். மேற்கு ஐரோப்பாவிலோ பல குருமடங்கள் இணைக்கப்பட்டன, மூடப்பட்டன. மழை எல்லா வயலுக்கும் ஒன்றாகப் பெய்தும் விளைச்சல் ஏன் மாறியது?

கண்டத்துக்குக் கண்டம் சூழல் வேறு என்பார்கள். சரி, ஒரே நாட்டுக்குள் வருகிறேன். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் லிங்கன் மறைமாவட்டம். கத்தோலிக்கர் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர்தான். திருஅவையில் பெரும் மாற்றங்களைக் கொண்டுவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962-65) பின் அந்த நாட்டில் குருமடங்கள் காலியாகிக்கொண்டிருந்தபோது, மக்கள்தொகைக்கு மிஞ்சிய அளவில் குருக்களைத் தந்த மறைமாவட்டம் அது. 1967 முதல் 1992 வரை அங்கே ஆயர் கிளென்னன் ஃபிளாவின். அந்த 25 ஆண்டுகளில் ஆறாம் பவுல், முதலாம் யோவான் பவுல், இரண்டாம் யோவான் பவுல் என மூன்று திருத்தந்தையர். உரோமையில் பாணி மாறியது, லிங்கனில் வரத்து நிற்கவில்லை. அடுத்து வந்த ஆயர் புருஸ்கெவிட்ஸ் காலத்தில், 1998இல், சொந்தமாகவே ஒரு குருமடம் திறந்தார்கள்.

"அந்த ஆயரை நியமித்தது யார்?" என்று எதிரணி கேட்கும். அவர்களிடம் இருப்பதில் வலுவான வாதம் இதுதான். திருஅவைச் சட்டம் 377இன்படி ஆயரை நியமிப்பவர் திருத்தந்தையே. ஆனால் அதே சட்டம், மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது மறைமாநில (பல மறைமாவட்டங்கள் சேர்ந்த தொகுதி) ஆயர்கள் கூடி, தகுதியான குருக்களின் பட்டியலை இரகசியமாகத் தயாரிக்கச் சொல்கிறது. அந்த நாட்டில் திருத்தந்தையின் பிரதிநிதியாக இருக்கும் திருப்பீடத் தூதர், பேராயரையும் மற்ற ஆயர்களையும் கலந்து மூன்று பெயர்களை உரோமைக்கு அனுப்புகிறார். பெயர்கள் கீழிருந்துதான் மேலே போகின்றன. அதோடு, ஃபிளாவினை லிங்கனுக்கு அனுப்பிய ஆறாம் பவுல்தான் அதே ஆண்டுகளில் அந்த நாட்டின் மற்ற ஆயர்களையும் நியமித்தார். அவர்களில் பலருடைய குருமடங்கள் ஏன் காலியாயின?

குருவாவதற்கான காலக்கணக்கையும் எதிரணியினர் மறந்துவிடுகிறார்கள். தயாரிப்பு நிலை குறைந்தது 1 ஆண்டு, மெய்யியல் 2, இறையியல் 4. குருப்பட்டத்துக்கு முன் அதற்கு முந்தைய படியான திருத்தொண்டராகக் குறைந்தது 6 மாதம். 2015இல் குருவானவர் குருமடத்தில் நுழைந்தது பதினாறாம் பெனடிக்ட் காலத்தில். அந்தப் பெருமையை 2013இல் வந்த பிரான்சிஸின் கணக்கில் எழுதலாமா?

திருத்தந்தையால் பொறி பற்றுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. 1993இல் இரண்டாம் யோவான் பவுல் அமெரிக்காவின் டென்வரில் நடத்திய உலக இளையோர் நாளில் எத்தனையோ பேர் உள்ளம் தொடப்பட்டார்கள். வீடு திரும்பிய இளைஞன் அடுத்த வாரம் யாரிடம் போய்ச் சொல்வான்? பங்குத்தந்தையிடம். அவர், குருவாக விரும்புவோரை மறைமாவட்டத்தில் கவனிக்கும் இறையழைத்தல் இயக்குநரிடம் அனுப்புவார். அந்த இயக்குநரை ஆயர் ஆண்டுக்கொருமுறை மாற்றினால், அல்லது அவர் தலையில் இரண்டு பங்குகளையும் ஒரு பள்ளியையும் சேர்த்துக் கட்டினால், மாதக் கூட்டம் நடக்காது. வீடு சந்திப்பு நடக்காது. இளைஞனின் கடிதத்துக்குப் பதில் போகாது. ஆறு மாதத்தில் அவன் வேறு வழியில் போய்விடுவான். எந்த மறையுரையும் அவனைத் திருப்பி அழைத்து வராது.

பாரிசைப் பாருங்கள். பேராயர் லுஸ்திஜே 1984இல், மெய்யியலுக்கு முன்பே செபத்துக்கும் விவிலிய வாசிப்புக்கும் என ஒரு தனி இல்லம் தொடங்கினார். இந்தத் தயாரிப்பு நிலையைத் திருப்பீடம் உலகெங்கும் கட்டாயமாக்கிய வழிகாட்டி 2016இல்தான் வந்தது. ஓர் ஆயர் 32 ஆண்டுகளுக்கு முன்பே நடந்து காட்டிய வழி அது!

எண்ணிக்கை ஆசை ஆயரையும் தடுக்கி விழவைக்கும், அதையும் சொல்லியாக வேண்டும். வேறொரு குருமடத்திலிருந்து வெளியேற்றப்பட்டவரைச் சேர்ப்பதென்றால், ஏன் வெளியேறினார் என்று அங்குள்ள அதிபரின் சான்று வேண்டும் என்கிறது சட்டம் 241. அந்தக் கடிதத்தைக் கேட்காமல் விட்டால் இன்று பட்டியல் நீளும், பத்து ஆண்டில் பங்குமக்கள் அழுவார்கள். அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்க வேண்டியவர் உரோமையில் இல்லை, ஆயர் இல்லத்தில் இருக்கிறார்.

எதிரணிக்கு ஒரே ஒரு கேள்வி: மூன்று திருத்தந்தையர் மாறியும் லிங்கன் மாறாததற்கு உங்கள் பதில் என்ன? நன்றி, வணக்கம்.