இடுப்பு வலி என்றால் எந்த இடம்?

நேயர்களுக்கு வணக்கம்.

வானொலியில் படம் காட்ட முடியாது. அதனால் உங்கள் கையையே படமாக வைத்துக்கொள்வோம். அடுப்படியில் இருப்பவர்கள் அடுப்பைக் குறைத்துவிட்டு, கடையில் இருப்பவர்கள் தராசைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் இடுப்பை ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

பத்துப் பேர் தொட்டால் நான்கைந்து இடம் வரும். குடம் வைக்கும் இடமும் இடுப்புதான், குழந்தையைத் தூக்கி வைக்கும் இடமும் இடுப்புதான். அரைஞாண் கட்டும் இடம், வேட்டி நிற்கும் இடம், குனிந்து நிமிர்ந்தால் பிடித்துக்கொள்ளும் முதுகின் அடிப்பாகம், எல்லாவற்றுக்கும் அதே பெயர். பிரசவ வலிக்கும் இடுப்பு வலி என்றுதான் சொல்கிறோம். நான் மதுரையில் 36 வருடம் இயன்முறை மருத்துவம், அதாவது பிசியோதெரபி, பார்த்தவன். இடுப்பு வலிக்கிறது என்று வந்தவர்களை நான் உடனே படுக்கச் சொன்னதில்லை. 'விரலை வைத்துக் காட்டுங்கள்' என்பேன். இன்றைக்குப் பேசப்போவதும் அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு என்றால், சில வருடங்களாக என்னிடம் வருகிறவர்கள் வலியைச் சொல்வதற்கு முன்னால் கைப்பேசியை நீட்டுகிறார்கள். அதில் ஒருவர் குப்புறப் படுத்திருக்கிறார். வெள்ளை உடுப்பு போட்ட இன்னொருவர் அவர் முதுகில் உள்ளங்கையை ஊன்றி வெடுக்கென்று ஓர் அழுத்து அழுத்துகிறார். 'டக்' என்று சத்தம். படுத்தவர் எழுந்து சிரிக்கிறார். 'ஐயா, இந்தக் கைரோபிராக்டிக் செய்தால் என் இடுப்பும் சரியாகிவிடுமா?' என்பது கேள்வி.

இந்தக் கேள்வி என்னிடம் வரும்போது எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். காரணம், ஒன்பது வயதிலேயே நான் அந்த வேலையைப் பார்த்தவன்.

எங்கள் ஊர் வாடிப்பட்டிக்கு மேற்கே. நான் தலை முன்னே வராமல் கால் முன்னே வந்து பிறந்தவன். அப்படிப் பிறந்தவன் காலால் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்ற நம்பிக்கை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஊரில் யாருக்காவது பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டுக்கு ஆள் வந்துவிடும். அப்பத்தா என்னை விளையாட்டிலிருந்து இழுத்துக்கொண்டு போவாள். காலைக் கழுவிவிடுவாள். அங்கே பாயில் ஒருவர் குப்புறக் கிடப்பார். நான் அவர் முதுகின் அடியில் மூன்று முறை மிதிக்க வேண்டும். கூலி ஒரு கை பொரிகடலையும் ஓர் அச்சு வெல்லமும். உண்மையைச் சொல்கிறேன், பாதிப் பேருக்கு மேல் எழுந்து நடந்தார்கள். எனக்கும் காலில் ஏதோ இருக்கிறது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். இறுகிப்போன தசைப்பிடிப்பு எப்படியும் சில நாட்களில் தானாகவே தளரும் என்பதும், சுமாரான கனமுள்ள ஒரு பையன் ஏறி நின்றால் அதற்குக் கொஞ்சம் இதமாக இருக்கும் என்பதும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை.

எங்கள் தெருவில் நெல் மூட்டை ஏற்றி இறக்கும் பெரியப்பா ஒருவர் இருந்தார். சொந்தப் பெரியப்பா இல்லை, கூப்பிடும் முறை. 35 வயது இருக்கும். நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்வார். அவருக்கும் மிதித்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை திரும்ப வந்தார், மிதித்தேன். மூன்றாவது வெள்ளிக்கிழமையும் மிதித்தேன். இன்றைக்கும் என் கண்ணில் நிற்பது அவருடைய கைதான். வலது கையை இடுப்பின் பக்கவாட்டில் பிறை போல வளைத்துக் கவ்விக்கொண்டிருந்தார். பெருவிரல் பின்னால், மற்ற நான்கு விரல்களும் முன்னால் தொடை இடுக்கில். நான் மிதித்த இடத்தில் அவர் கையே இல்லை! பாயில் உட்காரச் சொன்னால் சம்மணம் போட முடியாமல் ஒரு காலை நீட்டித்தான் உட்கார்ந்தார். அதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். எக்ஸ்ரே எடுத்தால், தொடை எலும்பின் தலை, அதாவது இடுப்பு மூட்டுக்குள் சுழலும் பந்து, முட்டை ஓடு நசுங்கியது போல நசுங்கியிருந்தது. பந்துக்குப் போகும் ரத்த ஓட்டம் நின்று எலும்பு உள்ளுக்குள்ளேயே செத்துப்போகும் நோய் அது. அதிகமான குடி, நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்து, பழைய அடி, இப்படிப் பல காரணம். பெயர் தெரியாத வலிப் பொட்டலங்களை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் கவனியுங்கள், அந்தப் பொடிகளில் ஸ்டீராய்டு கலப்பதும் உண்டு. பெரியப்பாவுக்கு எதனால் வந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. வலி இடுப்பு மூட்டில் இருந்தது, நான் முதுகில் மிதித்தேன். அவ்வளவுதான் சொல்லத் தெரியும்.

இனி அந்தச் சத்தத்துக்கு வருகிறேன். குழந்தைக்குத் திருஷ்டி கழித்துவிட்டு, பாட்டிமார்கள் இரண்டு கையையும் தங்கள் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறிப்பார்கள். பத்து விரலும் படபடவென்று சொடுக்கினால், அப்பாடா, எவ்வளவு திருஷ்டி என்பார்கள். கைப்பேசியில் கேட்கும் 'டக்'கும் அதே சத்தம்தான். எலும்பு விலகியிருந்து இடத்தில் வந்து உட்காரும் சத்தம் இல்லை. மூட்டுக்குள் வழவழப்பான ஒரு நீர் இருக்கிறது. மூட்டை வெடுக்கென்று இழுக்கும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, அந்த நீரில் வாயுக்குழி ஒன்று உண்டாகிறது. சத்தம் அதிலிருந்து வருகிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் 2015-இல் ஒருவர் விரலை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து இழுத்துப் பார்த்தே இதைக் காட்டினார்கள். ஒரு முறை சொடுக்கிய விரல் உடனே மறுபடி சொடுக்காது. சுமார் 20 நிமிடம் பொறுக்க வேண்டும். இப்போதே செய்து பார்க்கலாம்.

நெட்டி முறித்தால் மூட்டு தேய்ந்துவிடும் என்றும் வீட்டில் மிரட்டுவார்கள். கலிபோர்னியாவில் டொனால்ட் உங்கர் என்று ஒரு டாக்டர். சிறு வயதில் அவரையும் அம்மா, பெரியம்மாமார் எல்லாரும் இப்படித்தான் மிரட்டியிருக்கிறார்கள். மனிதர் என்ன செய்தார் தெரியுமா? இடது கையில் மட்டும் தினமும் இரண்டு முறையாவது நெட்டி முறித்தார். வலது கையைத் தொடவில்லை. ஐம்பது வருடம்! கணக்குப் போட்டால் 36,500 முறை. 1998-இல் இரண்டு கையையும் ஒப்பிட்டு மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார்: இரண்டு கையிலும் மூட்டு வாதம் இல்லை. 2009-இல் அவருக்கு இக் நோபல் என்ற வேடிக்கைப் பரிசும் கொடுத்தார்கள். ஒரே மனிதரின் ஒரு ஜோடிக் கையை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது, அது அவருக்கும் தெரியும். ஆனால் அம்மா சொன்னதைச் சோதித்துப் பார்க்க ஐம்பது வருடம் பொறுத்த பிள்ளையை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. சத்தத்தால் கெடுதல் வந்ததாகத் தெரியவில்லை. அதே மாதிரி, சத்தம் வந்தால் குணமாகிவிட்டது என்றும் அர்த்தம் இல்லை. இதைத் திரும்பவும் சொல்கிறேன்: சத்தம் வந்தால் குணம் என்று அர்த்தம் இல்லை.

கைரோபிராக்டிக் என்பது கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. கையால் செய்வது என்று பொருள். 1895 செப்டம்பரில் அமெரிக்காவில் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் ஊரில் டேனியல் டேவிட் பாமர் என்பவர் தொடங்கியது. அவருடைய கட்டடத்தைத் துப்புரவு செய்த ஹார்வி லில்லார்டுக்குக் காது கேட்காது. முதுகில் புடைத்திருந்த ஓர் எலும்பைத் தள்ளியதும் காது கேட்டது என்பது பாமர் சொன்ன கதை. காதுக்கான நரம்பு மண்டைக்குள்ளேயே ஓடுகிறது, முதுகுப் பக்கம் வருவதில்லை. அதனால் அந்தக் கதை எனக்கு ஒட்டவில்லை. எனக்குப் பிடித்தது வேறொன்று. அதே 1895-இல், இரண்டே மாதம் கழித்து, நவம்பரில், ஜெர்மனியில் ரான்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். தள்ளுகிற கையும் உள்ளே பார்க்கிற கண்ணும் ஒரே வருடத்துப் பிள்ளைகள். எங்கள் பெரியப்பாவுக்கு மூத்த பிள்ளை முதலில் கிடைத்தான், இளையவன் பிந்திக் கிடைத்தான்.

இந்தச் சிகிச்சையை நான் பழிக்கவில்லை. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு முதுகெலும்பைக் கையால் அசைத்துவிடுவது, உடற்பயிற்சி முதலான மற்ற நல்ல சிகிச்சைகளுக்கு ஒத்த பலன் தருகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதைவிட மாயமாக எதுவும் இல்லை, குறைவாகவும் இல்லை. ஆனால் யார் கை என்பது முக்கியம். கைரோபிராக்டிக்கை முறையாகப் படிக்க 4,200 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2005-இல் வழிகாட்டி வெளியிட்டது. நம் நாட்டில் டாக்டர்களுக்கு இருப்பது போன்ற தனி மன்றம் இதற்கு இல்லை. ஆகவே 'எங்கே படித்தீர்கள், எத்தனை வருடம்' என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். கேட்டால் கோபப்படுகிறவரிடம் முதுகைக் கொடுக்காதீர்கள். முடி வெட்டி முடித்ததும் கழுத்தைப் பிடித்து வெடுக்கென்று திருப்புவதும் வேண்டாம். கழுத்து ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததும் உண்டு. அபூர்வம்தான், ஆனாலும் இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்க வேண்டுமா?

இப்போது அந்த விரலுக்கு வருவோம். விரல் தொடை இடுக்கில் போகிறதா? கால் நகம் வெட்டுவதும் பஸ் படியில் காலைத் தூக்கி வைப்பதும் சிரமமாக இருக்கிறதா? அது பெரும்பாலும் இடுப்பு மூட்டு. விரல் பக்கவாட்டில் துருத்தும் எலும்பின் மேல் போய், அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லையா? அது அங்கே ஒட்டியிருக்கும் தசைநாண். பிட்டத்தில் தொடங்கிக் கெண்டைக்காலுக்குக் கீழே வரை மின்சாரம் போல இழுக்கிறதா? அது முதுகிலிருந்து வரும் நரம்பு. மூன்றையும் நாம் இடுப்பு வலி என்கிறோம், மூன்றுக்கும் வைத்தியம் வேறு. இன்னொரு வேடிக்கை, இடுப்பு மூட்டின் வலி சில பேருக்கு முழங்காலில் மட்டும் தெரியும். இரண்டுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போவதால் இப்படி. முழங்கால் வலி என்று நொண்டிக்கொண்டு வரும் பிள்ளைக்கு இடுப்பையும் சேர்த்துப் பாருங்கள் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

எந்தக் கையும் படக் கூடாத நேரங்கள் உண்டு. காய்ச்சலோடு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் தூங்கவிடாத வலி, சிறுநீர் கழிப்பது தெரியாமல் போவது, இவற்றுக்கு நேரே ஆஸ்பத்திரி. குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டியின் ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தால், அது சுளுக்கு இல்லை, முறிவு. சுளுக்கு வழிப்பவரைக் கூப்பிட்டு எண்ணெய் தேய்த்துப் பாட்டியை நிற்கவைத்துப் பார்த்த வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். அசைக்காமல் ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள், 108.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைச் சுழற்றிக் காட்டுகிறார்கள். பயிற்சிகளைப் பற்றித் தனியாகப் பத்து நிமிடம் வைத்திருந்தேன், போயிற்று. ஒன்று மட்டும்: ஒரு கிலோ எடை குறைந்தால், முழங்காலுக்கு ஒவ்வோர் அடியிலும் நான்கு கிலோ சுமை குறைகிறது.

கைத்தடியைச் சொல்லாமல் போக மாட்டேன். தெப்பக்குளத்தில் காலையில் நடக்கிறவர்களில் பாதிப் பேர் தவறான கையில் பிடித்திருக்கிறார்கள். வலது இடுப்பு வலித்தால் தடி இடது கையில். இடது இடுப்பு வலித்தால் வலது கையில். வலிக்கிற காலும் எதிர்ப்பக்கத் தடியும் ஒன்றாக ஊன்ற வேண்டும். உயரம், கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ, அங்கே கைப்பிடி. கடைக்குப் போகும்போது தினமும் போடும் செருப்பைப் போட்டுக்கொண்டு போய், நின்று அளந்து வாங்குங்கள்.

வணக்கம்.